நான் சாப்பிடாத கடற்கரைச் சாப்பாடு

பலாப்பழம் பழுத்துவிட்டதா என்பதை எங்கள் வீட்டில் மூக்கால்தான் முடிவு செய்வார்கள். சாக்கைச் சுற்றிச் சமையற்கட்டு மூலையில் கிடத்திய காயை அம்மா காலையில் ஒரு தடவையும் விளக்கு வைக்கிற நேரத்தில் ஒரு தடவையும் குனிந்து, காம்போரம் முகர்ந்து பார்ப்பாள். நிமிர்ந்து, "இன்னும் வாசம் வரலே" என்பாள். ஒரு மே மாதத்தில் அந்தப் பழத்தின் மேல் எனக்கு வந்த கோபம் இன்றுவரை ஆறவில்லை. நான் ஏற்காட்டு மலைக்காரி என்று தெரிந்ததும் ஆசையாகப் பலாச்சுளையைத் தட்டில் வைத்து நீட்டுகிறவர்களிடம், எனக்கு ஒத்துக்கொள்ளாது என்று பொய் சொல்லிவிடுகிறேன். அது ஒருநாள் முன்னதாகப் பழுத்திருந்தால் நான் கடலைப் பார்த்தபடி உட்கார்ந்து மதியச் சோறு சாப்பிட்டிருப்பேன்.

எங்கள் ஊர் மாரமங்கலம். அப்பாவுக்குக் கொஞ்சம் காப்பித் தோட்டம், நிழல் மரங்களில் படரவிட்ட மிளகுக்கொடி, வீட்டுக்குக் கீழே ராகியும் சாமையும் விதைக்கிற ஒரு சரிவு. நானும் என் தங்கை வாணியும் இரண்டு பெண்கள். பொறாமை எனக்கு யாரும் கற்றுக்கொடுத்து வந்ததில்லை. வாணியைத் தொட்டிலில் போட்ட அன்றே அதுவும் வந்துவிட்டது. அவளுக்குச் சுருட்டை முடி, எனக்குக் கோரை முடி. அவளை ஊரே "சாமி" என்று கூப்பிடும், என்னை "ஏ பெரியவளே" என்று கூப்பிடும். அம்மா இரண்டு பேருக்கும் ஒரே அளவாகத்தான் பரிமாறுவாள் என்றாலும், வாணியின் தட்டை ஒருமுறை எட்டிப் பார்த்துவிட்டுத்தான் நான் என் தட்டில் கை வைப்பேன். "வயித்தெரிச்சல் ஆகாது கண்ணு, அது வெச்சிருக்கறவளையேதான் திங்கும்" என்று அம்மா சொல்வாள். தின்றால் தின்றுவிட்டுப் போகட்டும் என்றிருப்பேன்.

அந்த வருஷம் பள்ளிக்கூடம் லீவு விட்டதும் வாணிக்குச் சொத்தைப் பல் வலித்தது. அதைப் பிடுங்க அவளைச் சேலத்துக்குக் கூட்டிப்போன அப்பா, பெரியம்மா வீட்டில் விட்டுவிட்டுத் திரும்பினார். பல் பிடுங்கினால் ஐஸ்கிரீம் வாங்கித் தருவார்கள் என்று கேள்விப்பட்டு நான் என் பற்களையெல்லாம் நாக்கால் ஆட்டிப் பார்த்தேன். பாழாய்ப்போனவை ஒவ்வொன்றும் கல்லுமாதிரி நின்றன. லீவுதானே என்று அவள் பெரியம்மா வீட்டிலேயே தங்கிவிட்டாள், டிவியும் ஐஸ்கிரீமுமாக. அந்த எரிச்சலில் நான் இருக்கும்போதுதான் மாமாவின் போன் வந்தது.

மாமா அம்மாவின் தம்பி, சென்னையில் ஒரு கம்பெனியில் வேலை. எங்கள் பக்கம் செல்போன் வந்த புதிது அது. தோட்டத்துக்கு மேலே இருக்கிற பாறையில் ஏறி நின்றால்தான் "டவர்" எடுக்கும். முந்தானையை இழுத்துச் செருகிக்கொண்டு பாறை ஏறிப் போய்ப் பேசிய அம்மா, இறங்கும்போது சின்னப் பெண் மாதிரி ஓடி வந்தாள். மாமாவுக்கு அவருடைய கம்பெனியில் கடற்கரையோரம் ஒரு ரிசார்ட்டில் குடும்பத்தோடு தங்கிக்கொள்ள இடம் கொடுத்திருக்கிறார்களாம். அவர் காரை எடுத்துக்கொண்டு சேலத்துக்கு வருவாராம், அக்காவும் பிள்ளைகளும் கீழே இறங்கி வந்துவிட வேண்டுமாம். "கடலுக்குப் பக்கத்துலயே மேசை போட்டுச் சோறு போடறாங்களாமுங்க. அலையைப் பாத்துக்கிட்டே திங்கலாமாம்" என்று அப்பாவிடம் மூச்சிரைக்கச் சொன்னாள். அப்பா ஊரில் கோயில் காரியம் பார்க்கிறவர்களில் ஒருவர். "நீங்க போயிட்டு வாங்க, எனக்கு நோம்பி வேலை கெடக்குது" என்றார். நோம்பி என்று நாங்கள் சொல்வது மாரியாத்தா திருவிழாவை.

எங்கள் வீட்டில் அதுவரை யாரும் கடலைப் பார்த்ததில்லை. ஏற்காட்டு ஏரிதான் நாங்கள் பார்த்த பெரிய தண்ணீர். ரிசார்ட் என்கிற சொல் மட்டும் நன்றாகப் பழக்கம், ஏனென்றால் ஏற்காட்டுக்குப் போகிற வழியில் அவற்றின் கேட்டுகளைப் பஸ் ஜன்னல் வழியாகப் பார்த்தபடியேதான் வளர்ந்தோம். உள்ளே குடை விரித்த மேசைகளில், சமவெளியிலிருந்து வந்த கீழ்நாட்டுக்காரர்கள் உட்கார்ந்து சாப்பிட்டுக்கொண்டிருப்பார்கள். அவர்கள் வாய்க்குள் என்ன போகிறது என்று பார்ப்பதற்குள் பஸ் வளைவு திரும்பிவிடும். இந்தத் தடவை நான் உட்கார்ந்து சாப்பிடுவேன், வேறு யாராவது பஸ்ஸிலிருந்து பார்க்கட்டும் என்ற நினைப்பிலேயே எனக்கு ராத்தூக்கம் போயிற்று. அம்மா கட்டைப்பையில் துணி அடுக்கினாள். என் பூப்போட்ட கவுனுக்கு அடியில் அவளுடைய சுங்குடிப் புடவைகள் இருந்ததை நான் பார்த்தேன்; எனக்குத் துணைக்கு வருகிறவள் மாற்றிக் கட்ட எடுத்துவைத்திருக்கிறாள் என்பதற்கு மேல் ஒன்றும் தோன்றவில்லை.

நாங்கள் திங்கட்கிழமையே கிளம்பியிருக்கலாம். தம்பி பெண்டாட்டி முன்னால் வெறுங்கையை வீசிக்கொண்டு போய் நிற்பதா என்று அம்மா பலாப்பழத்துக்காகக் காத்திருந்தாள். செவ்வாய்க்கிழமை சாயங்காலம்தான் அதற்கு வாசம் வந்தது. மறுநாள் காலை முதல் பஸ் என்று முடிவாயிற்று. அந்தச் செவ்வாய்க்கிழமை, கோயிலில் பூப் போட்டுப் பார்க்கிற நாளாகவும் இருந்தது.

இதைக் கொஞ்சம் சொல்ல வேண்டும். எங்கள் ஊரில் மாரியாத்தா நோம்பிக்குக் காலண்டரைப் பார்த்து நாள் வைப்பதில்லை, ஆத்தாளைத்தான் கேட்பார்கள். வெள்ளைப் பூ ஒரு பொட்டலம், சிவப்புப் பூ ஒரு பொட்டலம், இரண்டையும் ஒரே மாதிரி இலையில் மடித்து ஆத்தா முன்னால் போட்டு, ஒரு குழந்தையை விட்டு ஒன்றை எடுக்கச் சொல்வார்கள். வெள்ளை வந்தால் உத்தரவு கிடைத்துவிட்டது என்று அர்த்தம், அந்த நிமிஷமே நோம்பியைச் "சாட்டி" விடுவார்கள். சிவப்பு வந்தால் அடுத்த செவ்வாய்க்கிழமை மறுபடியும் கேட்க வேண்டியதுதான். சாட்டுகிற நேரத்தில் ஊர் எல்லைக்குள் இருந்தவர்கள், நோம்பி முடிகிறவரை வெளியூரில் ராத்தங்கக் கூடாது. கல்யாணமானாலும் கருமாதியானாலும் போய்விட்டுப் பொழுதுக்குள் வீடு திரும்பிவிட வேண்டும். அப்போது வெளியூரில் இருந்தவர்களை அது கட்டாது. அந்த வருஷம் ஒவ்வொரு செவ்வாய்க்கிழமையும் சிவப்பே வந்துகொண்டிருந்ததால், ஆத்தா இந்தத் தடவை மெதுவாகத்தான் வருவாள் என்று ஊரே பேசிக்கொண்டது. அம்மாவும் அந்தத் தைரியத்தில்தான் இருந்தாள்.

அதற்கு முந்தின வருஷம் பூ எடுத்தவள் வாணி. முதல் தடவையிலேயே வெள்ளையை எடுத்துக் கொடுத்துவிட்டாள். "கைராசிக்காரி" என்று அவளுக்கு ஒரு பெயர் வந்து, யார் வீட்டில் மாடு வாங்கினாலும், விதை விதைத்தாலும் முதல் கைப்பிடிக்கு அவளைக் கூட்டிப்போனார்கள். ஒரு வருஷம் முழுக்க நான் அதைப் பார்த்துக்கொண்டிருந்தேன். எனவே பூசாரி, "கொழந்தை ஒண்ணு வாங்க சாமி" என்று கூப்பிட்டதும், மற்றப் பிள்ளைகளை முழங்கையால் ஒதுக்கிக்கொண்டு முதல் ஆளாகப் போய் நின்றேன். கண்ணை மூடிக்கொண்டு, வாணிக்குக் கொடுத்தாயே, எனக்கும் வெள்ளையாகவே கொடு என்று ஆத்தாளிடம் வேண்டிக்கொண்டேன். பஸ்ஸும் கடலும் அந்த நேரத்தில் என் நினைவிலேயே இல்லை.

பூசாரி இலையைப் பிரித்தார். உள்ளே வெள்ளை அரளி. குலவைச் சத்தம் எழுந்தது, தப்பு அடிக்கத் தொடங்கினார்கள், யாரோ என் நெற்றி நிறையத் திருநீறு பூசினார்கள். எனக்கு வர வேண்டிய பாராட்டை வாங்கிக்கொள்ளத் திரும்பி அம்மாவைத் தேடினேன். சுற்றிலும் எல்லாப் பெண்களும் குலவை போட்டுக்கொண்டிருக்க, அவள் மட்டும் வாயைத் திறக்காமல் என்னையே பார்த்துக்கொண்டு நின்றாள். என்ன செய்துவிட்டேன் என்பது எனக்கு அப்போதுதான் உறைத்தது.

வீடு வந்து சேர்கிறவரை அழுதேன். "ஏனுங்க, புள்ளையை மட்டுமாச்சும் கீழ அனுப்பலாமுங்களா?" என்று அம்மா தயங்கித் தயங்கிக் கேட்டாள். "சாட்டியாச்சு. பூ எடுத்த புள்ளையே எல்லை தாண்டுனா ஊரு என்ன பேசும்?" என்றார் அப்பா. அம்மா உள்ளே போனாள். கட்டைப்பையைக் கவிழ்த்து, துணிகளை ஒவ்வொன்றாக உதறி மடித்து டிரங்குப் பெட்டியில் திரும்ப வைத்தாள். இதை நான் என் தப்பாகச் சொல்ல வரவில்லை. ஆத்தாளுக்கு அன்றைக்கு வர வேண்டும் என்றிருந்தது, வந்தாள். அதற்கு என் கைதானா கிடைத்தது என்று மட்டும் இன்றைக்கும் கோயிலுக்குப் போகும்போதெல்லாம் கேட்டுவிட்டுத்தான் வருகிறேன்.

சேலத்தில் ஒரு பல் இல்லாமல் உட்கார்ந்திருந்த வாணியை எந்தச் சாட்டும் கட்டவில்லை. மறுநாள் காலையில் அப்பா பலாப்பழத்தைச் சாக்கோடு முதல் பஸ்ஸில் ஏற்றி, தெரிந்த கண்டக்டரிடம் சொல்லி அனுப்பினார். சேலம் பஸ் ஸ்டாண்டில் மாமா அதை வாங்கிக்கொண்டார். நான் ரோட்டோரம் நின்று அந்தப் பஸ் போவதைப் பார்த்தேன். பலாப்பழம்கூடக் கடலுக்குப் போயிற்று.

மாமா சொன்ன நாளின் மதியத்தில் நானும் அம்மாவும் ராகிக் களியும் கீரைக் கடைசலுமாக உட்கார்ந்திருந்தோம். "இந்நேரம் அங்க சாப்புட்டுட்டிருப்பாங்களா கண்ணு?" என்று அம்மா கேட்டாள். "அலை வந்து அவ தட்டை அடிச்சுட்டுப் போகட்டும்" என்றேன். சாதாரண நாளில் அப்படிச் சொல்லியிருந்தால் கரண்டிக் காம்பு என் மேல் விழுந்திருக்கும். அன்று அவள் எனக்கு இன்னொரு கரண்டிக் கீரையை ஊற்றினாள்.

நோம்பி முடிந்த பிறகு வாணி வந்தாள், நன்றாகக் கறுத்துப்போய், செருப்பு இடுக்கில் இன்னும் மணல் ஒட்டியிருக்க. வந்தவள் கடலைப் பற்றி அதிகம் பேசவில்லை. அந்த ஒரு வேளைச் சாப்பாட்டைப் பற்றித்தான் பேசினாள். தென்னங்கீற்றுக் கூரைக்குக் கீழே மேசை. மேசைமேல் வெள்ளைத் துணி, காற்றில் பறக்காமலிருக்க மூலைக்கு மூலை கூழாங்கல். ஓரத்தில் நீலக் கோடு போட்ட தட்டு. வாழையிலையில் பொதிந்து சுட்ட மீன், அவள் முகம் அகலத்துக்கு. தேங்காய்ப்பால் ஊற்றிய குழம்பு. வாத்து மாதிரி செதுக்கி வைத்த தர்பூசணி. இதெல்லாம் நீளமான ஒரு மேசையில் அடுக்கியிருக்குமாம், யாரும் பரிமாற மாட்டார்களாம், தட்டை எடுத்துக்கொண்டு போய் எவ்வளவு வேண்டுமானாலும் நாமே போட்டுக்கொள்ளலாமாம், அதற்குப் "பஃபே" என்று பெயராம். அவளுடைய மீன்துண்டை ஒரு காக்காய் தூக்கிக்கொண்டு போக, சிரித்துக்கொண்டே இன்னொன்று எடுத்துக்கொள்ளச் சொன்னார்களாம். "பரிமாற ஒரு ஆளு இல்லாத சோறு என்ன சோறு சாமி?" என்று அப்பா சிரித்தார். அம்மாவின் பலாப்பழத்தை வாசனைக்குப் பயந்து உணவகத்துக்குள் விடவில்லை, காருக்குள்ளேயே உட்கார்ந்து தின்றார்கள் என்று கேட்டபோது மட்டும் என் வயிறு கொஞ்சம் குளிர்ந்தது.

அவள் அந்தக் கதையைப் பக்கத்து வீட்டில் சொன்னாள், பைப்படியில் சொன்னாள், பள்ளிக்கூடம் திறந்ததும் டீச்சர் அவளை முன்னால் நிற்கவைத்து வகுப்புக்கே சொல்லச் சொன்னார். வீட்டில் மட்டும் அவளால் அதை முழுசாகச் சொல்ல முடிந்ததில்லை. அவள் ஆரம்பித்ததும் சமையற்கட்டில் பாத்திரம் உருளும். அம்மா குண்டானை "நங்" என்று அடுப்படியில் வைப்பாள், கரண்டியைத் தொப்பென்று போடுவாள், "போதும் சாமி, போயி அந்தக் கொடத்தை எடுத்தா" என்று அவளை விரட்டுவாள். வேறு எதற்கும் அம்மா வாணியிடம் முகம் சுளித்து நான் கண்டதில்லை. எனக்காகத்தான், என் மனசு நோகக் கூடாது என்றுதான் அம்மா அவள் வாயை அடைக்கிறாள் என்று நான் எடுத்துக்கொண்டேன். சுருட்டை முடியும் கைராசியும் கடற்கரைச் சாப்பாடும் அவளுக்குப் போகட்டும், அம்மா என் பக்கம் என்பது அந்தப் பாத்திரச் சத்தத்தில் எனக்குக் கேட்டது. அது ஒன்று போதும் என்றுகூடச் சில நாள் இருந்ததுண்டு.

பொறாமைக்கு ஞாபகசக்தி அதிகம். கேட்டுக் கேட்டு அந்தச் சாப்பாடு எனக்கு மனப்பாடமாகிவிட்டது. வாணி சொல்லும்போது தர்பூசணிக்கு முன்னால் குழம்பைச் சொல்ல மறந்தால் நான்தான் எடுத்துக் கொடுப்பேன். பிறகு பிழைப்புக்காக நான் சேலத்துக்கும் அவள் சென்னைக்கும் வந்துவிட்டோம். ஒரு பொங்கலுக்கு எல்லாரும் ஊரில் கூடியிருந்தபோது, அந்த வாழையிலை மீனைப் பற்றிப் பேச்சு எடுத்தேன். அவள் விழித்தாள். "எந்த மீனு அக்கா? மாமாகூடப் போனது ஞாபகம் இருக்குது. பல்லுப் புடுங்குன எடத்துல உப்புத் தண்ணி பட்டு எரிஞ்சுது. மத்ததெல்லாம் மறந்துபோச்சு" என்றாள். எனக்கு அழுகையே வந்துவிட்டது. தின்றவள் மறந்துவிட்டாள்; தின்னாதவளுக்குத் தட்டோரத்து நீலக் கோடு முதற்கொண்டு நினைவிருக்கிறது. இப்படி மறந்துவிட முடிகிறதே என்று அதற்கும் அவள் மேல்தான் பொறாமைப்பட்டேன்.

போன கோடையில் வாணி, அம்மாவையும் என்னையும் கடற்கரை ரிசார்ட் ஒன்றுக்குக் கூட்டிப்போனாள். மாமா போன அந்தப் பழைய இடம் இப்போது இல்லை என்று சொன்னார்கள், இது வேறு. மதியச் சாப்பாட்டுக்குப் போனபோது அம்மா வாசலிலேயே நின்றுவிட்டாள். கடலை ஒரு பார்வை, மேசைகளை ஒரு பார்வை பார்த்துவிட்டு, "கீத்துக் கொட்டாய்னு சொன்னியே சாமி, இங்க கண்ணாடியால்ல போட்டிருக்குது?" என்று வாணியிடம் கேட்டாள். பிறகு ஒவ்வொன்றாகக் கேட்டாள். எலையில சுட்ட மீனு எங்கே, துணி மேலே கல்லு வைக்க மாட்டாங்களா, வாத்து செய்யற தர்பூசணி இந்தக் கடையில கெடையாதா. வாணிக்கு ஒன்றும் விளங்கவில்லை. எனக்கு எல்லாமே விளங்கியது.

"உனக்கு எப்படிம்மா இத்தனையும் ஞாபகம் இருக்குது?" என்று கேட்டேன்.

"ஏன் இருக்காது?" என்றாள் அம்மா, கடலைப் பார்த்தபடி. "நானுந்தான பையக் கட்டி வெச்சிருந்தேன். இவ வந்து சொல்லச் சொல்ல எனக்கு வயிறு எரியும். பெத்த புள்ளை மேல பொறாமைப்படற பொம்பளை உண்டான்னு என்னைய நானே வைஞ்சுக்குவேன். வெளிய சொல்ல முடியுமா? அதான் குண்டானைப் போட்டு உருட்டிக்கிட்டுக் கெடந்தேன்." பிறகு என் பக்கம் திரும்பினாள். "உம்மேல நொம்பக் கோவம். அத்தன புள்ளைக நின்னுது, நீதான் முண்டியடிச்சுட்டுப் போயிப் பூவை எடுத்தே. அங்கியே முதுகுல ஒண்ணு வெக்கலாம்னு வந்துச்சு. ஆத்தா முன்னால எப்படி அடிக்கறது?"

வாணி விழுந்து விழுந்து சிரித்தாள். எனக்குச் சிரிப்பு வரவில்லை. நான் தட்டு எடுத்துவரலாம் என்று எழுந்ததும், "நீ உக்காரு, நானே எடுத்துக்கறேன்" என்று அம்மா கிளம்பினாள். வரிசையில் நின்று, ஒவ்வொரு பாத்திரத்தின் மூடியையும் திறந்து பார்த்து, சாவகாசமாக எடுத்துக்கொண்டு வந்தாள். இரண்டு மீன் துண்டும் அவளுக்குத்தான். நாங்கள் சாப்பிடுவதற்கு முன்னால் அம்மா சாப்பிட்டு நாங்கள் பார்த்ததேயில்லை. அன்று எங்களைச் சாப்பிடு என்றுகூடச் சொல்லாமல், நாற்காலியைக் கடல் பக்கம் திருப்பிப் போட்டு உட்கார்ந்து, முள்ளை எடுத்து ஓரமாக வைத்துக்கொண்டு மெதுவாகச் சாப்பிட்டாள்.

எங்கள் ஊரில் இன்றும் பூப் போட்டுக் கேட்கிறார்கள், சாட்டவும் செய்கிறார்கள். ஆனால் அதற்காக யாரும் ஊரில் நிற்பதில்லை. திருப்பூருக்கும் பெங்களூருக்கும் வேலைக்குப் போகிறவர்கள் ஆத்தாளுக்கு ஒரு காணிக்கை முடிந்துவைத்துவிட்டு அன்றைக்கே பைக்கில் இறங்கிவிடுகிறார்கள், அப்பாவும் மற்றவர்களும் பார்த்தும் பார்க்காதது மாதிரி இருந்துகொள்கிறார்கள். ஒரு பூவுக்காகப் பயணம் நின்றுபோகும் என்பதை இப்போதைய பிள்ளைகளுக்குச் சொன்னால் நம்புவதில்லை. அந்தக் கட்டு போய்விட்டதில் எனக்கு வருத்தம் ஒன்றும் கிடையாது. இன்னும் கொஞ்சம் முன்னாலேயே போயிருக்கலாம்.

எனக்காகப் பாத்திரம் உருட்டுகிறாள் என்று நான் நினைத்திருந்த அம்மாவும் அந்த மதியச் சாப்பாட்டோடு போய்விட்டாள். அவளை நம்பித்தான் இத்தனை வருஷம் வாணியிடம் தோற்றதையெல்லாம் ஆற்றிக்கொண்டிருந்தேன். பையை அவிழ்த்துப் புடவையைப் பெட்டியில் வைத்த அன்று அவளுக்கு என் இப்போதைய வயதுகூட இல்லை. கடலைப் பார்க்க ஆசைப்பட்டிருக்கிறாள், முடியவில்லை என்றதும் பொறாமைப்பட்டிருக்கிறாள். வீட்டில் நான் ஒருத்திதான் இப்படி என்று நான் இந்தப் பக்கம் படுத்து வெந்துகொண்டிருக்க, சுவருக்கு அந்தப் பக்கம் அவளும் வெந்துகொண்டிருந்திருக்கிறாள். ஒரு வார்த்தை சொல்லியிருந்தால், இரண்டு பேரும் சேர்ந்து உட்கார்ந்து வாணியைத் திட்டிக்கொண்டாவது இருந்திருக்கலாம்.